தடுத்தாட்கொள்ளும் கை: தன்னைத் தானே வருத்தும் பிள்ளையும் சைவர் கடமையும்

எல்லாம் வல்ல இறைவன் அருளும் பேறுகளுள் பிள்ளைப்பேறு தலையானது. திருவள்ளுவ நாயனார் அதற்கென்றே மக்கட்பேறு என ஓர் அதிகாரம் வகுத்தார். பிள்ளை வரம் வேண்டிக் கந்தசஷ்டி விரதம் இருப்போரும், நேர்த்தி வைப்போரும், துடக்குக் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிவந்து சந்நிதியிற் கிடத்தி வணங்குவோரும் எமது ஊர்களில் என்றும் உள்ளனர். உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் காண்பது திருமூல நாயனார் காட்டிய நெறி. அவ்வாறாயின் தவழும் குழந்தையின் உடம்பும் ஒரு கோயிலே. கும்பாபிஷேகம் செய்யாமலே இறைவன் வந்து அமர்ந்த கோயில் அது.

அந்தக் கோயிலை அந்தப் பிள்ளையே தன் சின்னக் கையால் அடித்துக்கொள்வதும், கடித்துக்கொள்வதும், கீறிக்கொள்வதும் உண்டு. தன் தலையிற் தானே குட்டிக்கொண்டு, "நான் கூடாத பிள்ளை, நான் செத்துப் போகப்போறன்" என்று ஆறு, ஏழு வயதுப் பிள்ளை சொல்வதும் உண்டு. கேட்ட தாய் பதறுகிறாள். தகப்பன் கோபங்கொள்கிறார். அயலார் காதுக்குப் போகக்கூடாதென்று கதவு சாத்தப்படுகிறது. பிறகு எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆலய மலரில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கக்கூடும். வரம் வேண்டிப் பெற்ற பிள்ளையின் துன்பத்தைப் பற்றி அந்த வரம் வேண்டிய இடத்திலேயே பேசுவதில் தவறில்லை.

வயதுக்கு வயது வேறுபடும்

எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிப் பயப்படுவதும் பிழை, எல்லாவற்றையும் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடுவதும் பிழை. முதலில் வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வயதை அண்டிய குழந்தைகள் சில நித்திரைக்குப் போகும் நேரத்தில் தலையணையிலோ தொட்டில் விளிம்பிலோ தலையை மெல்ல மெல்ல மோதும். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும். நலமாக வளரும் பிள்ளைகள் பலரிடமும் இது காணப்படும். தாலாட்டைப் போல அந்த ஆட்டம் அவர்களுக்கு ஆறுதல் தருகிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதளவில் தானாகவே நின்றுவிடும். ஆனால் காதுக் குத்து, பல் முளைக்கும் நோவு போன்றவற்றாலும் குழந்தை தலையை மோதலாம். ஆதலால் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

இரண்டு, மூன்று வயதில் கேட்டது கிடைக்காதபோது நிலத்தில் விழுந்து குளறுவதும், தன் கையைத் தானே கடிப்பதும் உண்டு. ஆசை பெரிது; அதைச் சொல்லும் பேச்சு இன்னும் வரவில்லை. பேச்சு வளர வளர இது குறையும். குறையாமற் கூடினாலோ, காயம் உண்டானாலோ, பிள்ளை முகம் பார்த்துப் பழகாமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல் இருந்தாலோ கட்டாயம் வைத்திய ஆலோசனை பெறவேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், அறிவு வளர்ச்சி தாமதமான பிள்ளைகள், கண்பார்வையோ செவிப்புலனோ குறைந்த பிள்ளைகள் ஆகியோரிடம் தன்னைத் தானே அடிப்பதும் கடிப்பதும் கூடுதலாகக் காணப்படும். நோவையும் பயத்தையும் சத்தத்தால் உண்டாகும் தொல்லையையும் சொல்ல அவர்களுக்கு வேறு வழியில்லை. அப்பிள்ளைகளைக் குணங்கெட்டவர் என்பது பெரும் பாவம்.

ஐந்து வயதுக்கு மேல் இது வேறு உருவம் எடுக்கும். ஏச்சு வாங்கியதும் தன் கன்னத்தில் அடிப்பது, தலைமயிரைப் பிடுங்குவது, ஆறும் புண்ணை மீண்டும் மீண்டும் கிள்ளுவது, தன்னை ஒருவருக்கும் விருப்பமில்லை என்று சொல்வது ஆகியவற்றைக் கவனத்துடன் பார்க்கவேண்டும். ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோ காயத்தை மறைக்கப் பழகிவிடும். காரணமின்றி அடிக்கடி வயிற்றுக்குத்து என்பது, பாடசாலைக்குப் போக மறுப்பது, நித்திரையின்மை, விளையாட்டில் நாட்டமின்மை, வெயிலிலும் கையை மூடிய சட்டையைக் கழற்ற மறுப்பது முதலியன அப்போது தெரியும் அடையாளங்கள்.

நோவுக்குள் நோவை மறைத்தல்

நோவு வேண்டாம் என்று ஓடும் வயதில் பிள்ளை ஏன் தனக்கே நோவு உண்டாக்குகிறது? மனத்தில் எழும் கோபமும் வெட்கமும் பயமும் பெரியவர்களையே நிலைகுலையச் செய்வன. பெரியவர் அவற்றைப் பிறரிடம் சொல்லி ஆறுவார். பிள்ளைக்கு அந்தச் சொற்கள் இல்லை. உடம்பில் நோவு ஏற்படும் அந்த ஒரு கணம் மனத்தின் நோவு பின்னே போய்விடுகிறது. அது பொய்யான ஆறுதல். சிறிது நேரத்துக்கே நிற்கும். ஆயினும் ஒருமுறை ஆறுதல் கண்ட கை மறுமுறையும் அதையே நாடும். இப்படித்தான் அது பழக்கமாகிறது.

பின்னால் இருக்கும் காரணங்கள் ஒன்றல்ல. கடும் ஏச்சும் அடியும், பெற்றோர் சண்டை, குடித்துவிட்டு வரும் தகப்பன், வெளிநாட்டு வேலைக்குப் போன தாயின் பிரிவு, வீட்டில் ஒரு மரணம், பாடசாலையில் பட்டப்பெயர் சொல்லிப் பகிடி பண்ணுதல் என அவை பலவாகும். யாரோ ஒருவர் பிள்ளையைத் தகாத முறையில் தொடுவதும் காரணமாக இருக்கலாம். அவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார்.

எமது மண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 ஆழிப்பேரலையையும், 2009 வரை நீண்ட போரையும், இடம்பெயர்வையும் சிறுவயதில் அனுபவித்தவர்கள் இன்று தாய் தந்தையராக இருக்கின்றனர். பதுங்குகுழியிலும் முகாமிலும் அழக்கூட இடமில்லாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். தம் பிள்ளை குளறும்போது சிலருக்கு உடம்பே நடுங்குகிறது. சிலர் கைநீட்டி விடுகின்றனர். அவர்களைக் குற்றஞ்சொல்வதால் பயனில்லை. அன்று அவர்களின் அழுகையைக் கேட்க எவரும் இருக்கவில்லை என்பதை நினைத்து, அவர்களுக்கும் ஆறுதல் தேவை என்பதை ஊர் உணரவேண்டும்.

திலகவதியார் காட்டிய வழி

இத்தகைய துயரம் புதியதன்று. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றின் தொடக்கமே இரண்டு பிள்ளைகளின் துயரந்தான்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருணீக்கியாரும். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதளவில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு அவரை மணம் பேசினார்கள். திருமணம் நிறைவேறுமுன் தந்தையார் நோயுற்று இறந்தார். தாயாரும் அவரைத் தொடர்ந்தார். போர்மேற் சென்ற கலிப்பகையாரும் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இழப்புகள். தாங்குவதற்கு வீட்டில் பெரியவர் ஒருவரும் இல்லை. இனி உயிர் வாழ்வதில்லை என அந்தச் சிறுபெண் துணிந்தார்.

அப்போது வந்து காலில் விழுந்தவர் அவரிலும் சின்னவரான தம்பி. தாயும் தந்தையும் போன பின்னும் தமக்கையைக் கண்டு வணங்கலாம் என்பதற்காகவே தாம் உயிர் வைத்திருப்பதாகவும், தமக்கை தம்மைத் தனியே விட்டுப் போவதாயின் அதற்கு முன்னரே தாம் போய்விடுவதாகவும் சொல்லி அவர் அழுதார். சேக்கிழார் பெருமான் இதனைச் சொல்லுமிடத்தில் கல்லும் கரையும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தம்பி சொன்னதைத் திலகவதியார் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளவில்லை. "இப்படியெல்லாம் கதைக்கக்கூடாது" என்று வாயை அடைக்கவில்லை. அந்தச் சொல்லின் பின்னே இருந்த தனிமையைக் கண்டார். இரண்டாவது, தம்பிக்குத் தாம் வேண்டும் என்று உணர்ந்த கணத்தில் அவரது துணிவு மாறியது. தம்பி வாழவேண்டும் என்பதற்காக உயிரைத் தாங்கினார். பொன்னும் மணியும் பூணாமல், எல்லா உயிர்க்கும் அருள் பூண்டு மனையிலிருந்து தவம் செய்தார்.

அதன் பலனைச் சைவ உலகம் இன்றும் அனுபவிக்கிறது. பின்னாளில் வேற்றுச் சமயம் சார்ந்து, சூலை நோயால் துடித்து, ஓடிவந்து காலில் விழுந்த தம்பிக்குத் திருவதிகையில் திருநீறு கொடுத்து ஏற்றுக்கொண்டவர் அதே தமக்கையார். அன்று அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளாதிருந்தால் அப்பர் சுவாமிகளும் இல்லை, அவர் அருளிய தேவாரமும் இல்லை. உனக்காக நான் இருக்கிறேன், எனக்கு நீ வேண்டும் என்பதே அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த மருந்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்கவேண்டிய சொல் அதுவே.

கைவிட வேண்டிய எண்ணங்கள்

ஊரில் இதுபற்றி வழங்கும் சில எண்ணங்கள் பிள்ளைக்கு உதவாமற் போகின்றன.

முதலாவது, "இது குணம் காட்டுறது, கவனிக்காமல் விட்டால் சரிவரும்" என்பது. பிள்ளை கவனத்தை நாடுகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். பசித்த பிள்ளை சோற்றை நாடுகிறது. சோற்றை மறைத்தால் பசி தீராது.

இரண்டாவது, "நாலு அடி போட்டால் திருந்தும்" என்பது. தன்னை அடித்துக்கொள்ளும் பிள்ளையை இன்னொருவரும் அடித்தால், தான் அடிக்கப்பட வேண்டியவன்தான் என்பதே அப்பிள்ளை கற்கும் பாடம். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் அறிவுறுத்தியது. சுற்றறிக்கை வீட்டு வாசலுக்குள் வராது. அங்கே பெற்றோரின் மனச்சாட்சியே சுற்றறிக்கை.

மூன்றாவது, "கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும்" என்பது. இது பலரும் கொண்டிருக்கும் பயம். ஆனால் அன்போடு கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பது வைத்திய ஆய்வுகள் கண்ட முடிவு. கேட்டவுடன் பிள்ளையின் பாரம் குறைகிறது.

நான்காவது, "நாவூறு, பேய்க்குணம்" என்பது. நாவூறு கழிப்பதும், நூல் கட்டுவதும், திருநீறு இடுவதும் தாயின் மனத்துக்கு ஆறுதல் தரும். அவற்றை விலக்கவேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு நிறுத்திவிடக்கூடாது. திருநீறும் இட்டு வைத்தியரிடமும் போகலாம். பேயென்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவதும் அடிப்பதும் எந்தச் சைவ நூலும் விதித்ததன்று.

ஐந்தாவது, "சின்னப் பிள்ளைக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்" என்பது. உண்மையில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாவு திரும்பிவர முடியாதது என்பது நன்கு விளங்காது. தொலைக்காட்சியில் இறந்தவர் அடுத்த நாடகத்தில் எழுந்து நடக்கிறார். ஆதலால் "சாகப்போறன்" என்ற சொல் பெரும்பாலும் "எனக்குத் தாங்கேலாது" என்பதன் வேறு உருவம். ஆபத்து எது என்று அறியாத வயது என்பதாலேயே இன்னும் கூடிய கவனம் வேண்டும்.

இறைவன் நீட்டிய கை

பிள்ளை தன்னை வருத்தும் அந்தக் கணத்தில் என்ன செய்வது? இதற்கும் பெரியபுராணமே விடை சொல்கிறது.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை அறியாத சைவப் பிள்ளை இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது பலர் கண்ணைக் கொடுத்த பகுதியையே பெரிதாக்கிச் சொல்கின்றனர். வரலாற்றின் உச்சம் அதுவன்று. இரண்டாவது முறை அவர் தம்மை வருத்த முற்பட்டபோது காளத்தியப்பரின் திருக்கை வெளிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டதே உச்சம். அன்பு போதும், வருத்தம் வேண்டாம் என்பதே அந்தக் கை சொன்ன பொருள். அரிவாட்டாய நாயனார், கலிய நாயனார் வரலாறுகளிலும் இறைவன் கைநீட்டித் தடுத்தார். கயிலைக்குப் போவேன் என்று உடம்பு தேயத் தேயச் சென்ற அப்பர் சுவாமிகளையும் முனிவராக வந்து தடுத்து, பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்தார். சுந்தரரின் வரலாற்றில் வரும் ஒரு பகுதிக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்றே பெயர்.

தடுத்தல், ஆட்கொள்ளுதல் என்ற இரண்டும் சேர்ந்தே சைவத்தில் வருகின்றன. தடுத்துவிட்டுத் தள்ளிவிடுதல் இல்லை. ஆட்கொள்ளாமல் தடுத்தல் அதிகாரம். ஆட்கொள்ளும்போதே அது அருளாகிறது.

பெற்றோர் செய்யவேண்டியதும் இதுவே. பிள்ளை தலையை மோதினால் தன் உள்ளங்கையை இடையில் வைக்கவேண்டும். கையைக் கடித்தால் மெல்ல விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் போடக்கூடாது. குரல் தாழ்ந்திருந்தால் பிள்ளையும் தாழும். பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "உனக்குச் சரியான கோபம் வந்திட்டுது. நோகச் செய்ய விடமாட்டன். நான் இங்கதான் இருக்கிறன்" என்ற மூன்று வசனம் போதும். அந்த நேரத்தில் புத்திமதி ஏறாது. காயம் இருந்தால் அருவருப்புக் காட்டாமல், பிரசங்கம் செய்யாமல் கழுவி மருந்து கட்டவேண்டும். கேட்டதைக் கொடுத்து அடக்குவதும் கூடாது. அடுத்தமுறையும் அதே வழியைப் பிள்ளை தேடும். பிடித்துக்கொள்ளலாம், விலைபேசக் கூடாது.

தாய்க்கே பொறுமை எல்லை கடந்துவிட்டால், பிள்ளையைப் பாதுகாப்பான ஒருவரிடம் விட்டு அடுத்த அறைக்குச் சென்று, கண்ணை மூடி, ஐந்தெழுத்தைப் பத்துமுறை சொல்லி மூச்சுவிட்டுத் திரும்பலாம். அது கோழைத்தனமன்று.

அழுகையைச் சொல்லாக்குதல்

அமளி அடங்கிய பின்னர் அடுத்த வேலை தொடங்குகிறது. சீர்காழித் தீர்த்தக் கரையில் தந்தையார் நீரில் மூழ்கியதும் காணாமல் அழுத மூன்று வயதுக் குழந்தையின் அழுகை இறைவனுக்குக் கேட்டது. உமாதேவியார் வந்து ஞானப்பால் ஊட்டினார். கரையேறிய தந்தையார் பிள்ளையின் வாயிற் பாலைக் கண்டு, தந்தவர் யார் எனச் சிறு கோலொன்றை ஓங்கிக் கேட்டார். அந்தப் பிள்ளை கோலுக்குப் பயந்து ஒளிக்கவில்லை. கையைத் தூக்கித் திருத்தோணியைக் காட்டிப் பாடியது. ஓங்கிய கோல் அப்படியே நின்றது. அழுத வாய் பாடும் வாயானது, அதன் அழுகையைக் கேட்க ஒருவர் வந்த பிறகே.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வரிசை பொருந்தும். முதலில் அழுகை கேட்கப்பட வேண்டும். பின்பு பால், அதாவது அணைப்பும் உணவும் நித்திரையும். அதன் பின்பே சொல் வரும். அன்று இரவோ மறுநாளோ, முற்றத்தில் இருந்து பூக் கட்டும்போதோ, மரக்கறி வெட்டும்போதோ, முகத்தை உற்றுப் பாராமல் மெல்லக் கேட்கலாம். "நேற்று உனக்கு எப்பிடி இருந்தது? நெஞ்சுக்குள்ளயா, வயித்துக்குள்ளயா?" என்று கேட்டால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். கோபம், வெட்கம், பயம், கவலை, பொறாமை என்ற சொற்களைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எழுத்துக்கு ஏடு தொடக்குவது போல மனத்துக்கும் ஏடு தொடக்க வேண்டும். கோபம் வரும்போது தலையணையைக் குத்துவது, முற்றத்தைச் சுற்றி ஓடுவது, குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, தாளில் கிறுக்கிக் கிழிப்பது ஆகியவற்றைப் பழக்கலாம். எந்த நேரத்தில், எதன் பின்பு, யார் இருக்கும்போது இது நடக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்துவந்தால் இரண்டு கிழமையில் காரணம் ஓரளவு தெரியவரும். வைத்தியருக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

பிள்ளை யாரையாவது குறித்து, "அவர் என்னோட கூடாத வேலை செய்யிறார்" என்று சொன்னால் நம்பவேண்டும். சொந்தக்காரர், பெரிய மனிதர், கோயிலுக்கு வேண்டியவர் என்று பாராமல் பிள்ளையின் பக்கம் நிற்கவேண்டும்.

மாம்பழம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு

மாம்பழக் கதையில் முருகப்பெருமான் உலகத்தைச் சுற்றி வந்தபோது பழம் அண்ணனுக்குப் போய்விட்டது. பிள்ளை கோபித்துக்கொண்டு ஆண்டியாகி மலையேறினார். அம்மையும் அப்பனும் பிரம்பெடுக்கவில்லை. பிள்ளையைத் தேடி மலைக்கே போய் ஆற்றுவித்தனர். பழத்தைவிடப் பிள்ளை பெரிது என்று காட்டினர்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை இன்று பல வீடுகளில் அந்த மாம்பழம் ஆகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை விடியவும் வகுப்பு, பின்னேரமும் வகுப்பு, இரவும் வினாத்தாள் என்று ஓடுகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் படம் பதாகையில் வருகிறது. கீழே எடுத்த பிள்ளையிடம், "மொக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்கின்றனர். அந்தச் சொல்லைக் கேட்டபின் அந்தப் பிள்ளை தன் தலையில் அடித்துக்கொண்டால், அடித்தது யார் கை? பெறுபேறு வரும் நாளில் முதலில் வீட்டில் நல்ல சோறு சமைத்துப் பிள்ளையோடு இருந்து உண்ணவேண்டும். புள்ளியை அதன் பின்பு பார்க்கலாம்.

கைக்கு எட்டாமல் வைத்தல்

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே அதிகமானோர் தம்முயிரைப் போக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்றாக இருந்தது. 1995, 1998ஆம் ஆண்டுகளிலும் 2008இன் பின்னரும் கொடிய நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் கவலை எல்லாம் தீர்ந்துவிட்டதால் இது நடக்கவில்லை. கவலை மிகுந்த அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டவில்லை. அலை தாழும்வரை உயிர் தப்பியது.

வெங்காயமும் புகையிலையும் செய்யும் ஊர்களுக்கு இது பெரிய பாடம். கிருமிநாசினி வீட்டுக்குள்ளோ அடுக்களைத் தட்டிலோ சோடாப் போத்தலிலோ இருக்கக்கூடாது. பூட்டிய பெட்டியில், திறப்பு பெரியவர் கையில் இருக்கவேண்டும். அப்பப்பாவின் பிறஷர் குளிசை, அம்மம்மாவின் சீனிவருத்தக் குளிசை, மண்ணெண்ணெய் ஆகியனவும் அவ்வாறே. கட்டில்லாத கிணற்றுக்குக் கட்டும் வலையும் வேண்டும். இது பிள்ளையைச் சந்தேகிப்பதன்று. விளக்குக்குப் பக்கத்தில் பஞ்சை வைக்காதது போன்ற முன்யோசனையே.

உதவி கேட்கும் இடங்கள்

நோய்க்கு வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை. மனநோவுக்குப் போவதிலும் வெட்கம் வேண்டாம். கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரிடம் முதலிற் பேசலாம். குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளைக்கு எவராலும் தீங்கு நேர்வதாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

காயம் பெரிதாயினும், பிள்ளை எதையாவது விழுங்கியிருக்கலாம் எனச் சந்தேகம் இருந்தாலும், சாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினாலும் மறுநாள் வரை பொறுக்கக்கூடாது. 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை பிள்ளையைத் தனியே விடக்கூடாது. பொலிஸ் வரும், வழக்கு வரும் என்று பயந்து ஒளிப்போர் இன்னும் உள்ளனர். தம்முயிரைப் போக்க முயல்வதைக் குற்றமாகக் கொண்ட பழைய சட்டப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பயமின்றிப் போகலாம்.

ஆலயத்தின் கடமை

ஆலயம் பிள்ளைக்குப் பயமில்லாத இடமாக இருக்கவேண்டும். பிரசாத வரிசையில் முண்டியடிக்கும் பிள்ளையைப் பலர் முன்னே ஏசுவதும், அறநெறி வகுப்பில் தேவாரம் பாடமில்லாத பிள்ளையை முழங்காலில் நிறுத்துவதும் ஆண்டவன் சந்நிதிக்கு அழகன்று. ஓட்டிசம் உள்ள பிள்ளை மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக் குளறினால், "வெளியே கொண்டு போங்கோ" என்று தாயை அதட்டாமல், மடப்பள்ளிப் பக்கமோ தேர்முட்டியடியிலோ அமைதியான இடமொன்றைக் காட்டிக் கொடுக்கலாம். பரிசளிப்பு விழாவில் முதலிடம் பெற்றவருக்கு மட்டுமன்றி, பங்குபற்றிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு சிறு பொருள் கொடுக்கலாம். தன் பெயரைப் பலர் முன்னே நல்லவிதமாகக் கேட்பது சில பிள்ளைகளுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

இப்படியொரு துன்பம் நடந்த வீட்டைப் பற்றிக் கோயில் வீதியில் கதைப்பதைத் தவிர்ப்பது அடியார்கள் செய்யக்கூடிய பெரிய தொண்டு. கதைப்பதற்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போய், "பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான் பாக்கிறன், நீ போய்க் குளிச்சுச் சாப்பிடு" என்று அந்தத் தாயிடம் சொல்வது அபிஷேகம் செய்த புண்ணியத்துக்குக் குறைந்ததன்று.

காளத்தியில் கல்லுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊர் வீடுகளில் அந்தக் கை தாயின் கையாக, தகப்பனின் கையாக, அம்மம்மாவின் கையாக, ஆசிரியரின் கையாகவே வரமுடியும். இறைவனுக்கு அங்கே வேறு கை இல்லை. தன்னை அடிக்க ஓங்கும் ஒவ்வொரு சின்னக் கையையும் பிடித்துக்கொள்ள ஒரு பெரிய கை அருகில் இருக்கவும், அந்தக் கை அடிக்காத கையாக இருக்கவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.